சித்தி பிறந்த கதை

ஊவா மலையின் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்து முடிந்தால் மூன்று பேருக்கு அது தெரிய வேண்டும். கணக்கப்பிள்ளை கிலோவைப் பதிய வேண்டும், லொறி கிளம்ப வேண்டும், ஃபெக்டரியில் கொழுந்தை வாட்ட இடம் ஒதுக்க வேண்டும். இவற்றைத் தனித்தனிச் சேவைகளாக எழுதிய மென்பொருளில், மூன்றும் ஓயாமல் "நிறுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் பாதி நேரம் கேள்வியிலேயே போகும். அதற்குப் பதில், "நிறுத்தாச்சு" என்ற செய்தி ஒருமுறை கிளம்பினால் போதும்; வேண்டியவர் எடுத்துக்கொள்வார். வணிக நிகழ்வு என்பது இதுதான்.

ஆனால் ஒற்றைச் செய்தி அதிகம் சொல்லாது. எவை, எந்த வரிசையில், எவ்வளவு நேரத்துக்குள் வந்தன என்று சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். ஸ்டான்ஃபோர்டின் டேவிட் லக்கம் 2002இல் 'த பவர் ஆஃப் ஈவன்ட்ஸ்' என்ற நூலையே இதற்காக எழுதினார்.

அந்த வேலையை மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் இறுதியாண்டுத் திட்டமாக எடுத்தார்கள். சுகோதயன் ஸ்ரீஸ்கந்தராஜா முதலானோர் எழுதிய கட்டுரை 2011இல் வெளியானது. 'சித்தி' என்ற அவர்களுடைய இயந்திரம், அப்போது பெயர்பெற்றிருந்த எஸ்பர் என்ற இயந்திரத்துடன் வேகத்தில் மோதிப் பார்த்தது. மாணவர் திட்டத்துக்கு இது சற்றுத் துணிச்சல்தான். 2005இல் தொடங்கிய இலங்கை நிறுவனமான டபிள்யூஎஸ்ஓ2 அதைத் தன் மென்பொருளில் சேர்த்தது. பிறகு ஊபரும் பயன்படுத்தியது.

சித்தியின் உயிர், நகரும் கால ஜன்னல். புதிய நிகழ்வு உள்ளே வர, பழையது காலாவதியாகி வெளியேறும். ஜன்னலுக்குள் இருப்பதை மட்டும் கூட்டிப் பார்த்து முடிவெடுக்கும். ஊவா மலைக்காரருக்கு இது புதிதல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையும் இதே கணக்குத்தான்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேற்றம். ஒரு தூறல் செய்தியல்ல, சேர்ந்த மழைதான் செய்தி.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு இந்த நிகழ்வுக் கட்டமைப்போடு உடன்பாடில்லை. செய்தி அனுப்புகிறவர் யார் கேட்டார்கள் என்று கவலைப்பட வேண்டாம் என்பது அதன் அடிப்படை. கிலோக் கணக்குக்கு அது சரி; மண்சரிவு எச்சரிக்கைக்கு அது போதாது. பூனாகலைக்குப் பக்கத்திலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஆபத்து முன்பே சொல்லப்பட்டிருந்தும், 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் சரிந்தபோது தொழிலாளர் லயங்களில் ஆட்கள் இருந்தார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்து லயங்கள் சிதைந்தன. இந்த மலைகளுக்கு எழுதும் மென்பொருளில், "கேட்டுவிட்டோம், இறங்கிவிட்டோம்" என்பதும் ஒரு நிகழ்வாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் மறுபடி கூப்பிட வேண்டும்.