நாவடி ஃபென்டனிலின் வரலாறு

நாவடி ஃபென்டனில் என்பது, புற்றுநோயாளிகளுக்குத் திடீரென மூளும் கடும் வலியைத் தணிக்க, நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கப்படும் அபின் வகை வலிநீக்கி ஆகும். வலி எழும் வேகத்துக்கு ஈடாக வேலை செய்யும் மருந்தைத் தேடியதன் விளைவு இது. அந்த வேகமே பின்னர் இதன் ஆபத்தாகவும் ஆனது.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர் அபினிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தார். எனினும், நோயாளி அதற்கு அடிமையாகிவிடுவார் என்ற அச்சத்தால், வலி பொறுக்க முடியாத நிலைக்கு வந்த பின்னரே அதைக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1967இல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி வரும்வரை காத்திராமல் குறித்த நேரத்தில் மருந்து கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். உலக சுகாதார அமைப்பு 1986இல் வெளியிட்ட புற்றுநோய் வலி தணிப்பு வழிகாட்டியும் இதே முறையைப் பரிந்துரைத்தது.

மீறியெழும் வலி

நேரம் தவறாமல் மருந்து உட்கொண்டாலும், இருமும்போதோ, புரண்டு படுக்கும்போதோ, காரணம் எதுவும் இல்லாமலோ சிலருக்கு வலி சட்டென்று உச்சத்துக்கு ஏறும். ரசல் போர்ட்டினோய், நீல் ஹேகன் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வரையறை தந்தது. இவ்வலி பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சமடைந்து, அரைமணி நேர அளவில் தணியும். விழுங்கிய மார்பின் மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே ஏறத்தாழ அரைமணி ஆகும். ஆகவே, வலி முழுவதையும் நோயாளி தாங்கி முடித்த பிறகே மருந்து வந்து சேரும். அதன்பின் மிஞ்சுவது தூக்கக் கலக்கம்தான்.

ஃபென்டனிலும் நாவடியும்

பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த பவுல் ஜான்சன் 1960இல் ஃபென்டனிலை உருவாக்கினார். இது மார்பினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வீரியம் மிக்கது. முதலில் அறுவை சிகிச்சையின்போது ஊசி மருந்தாகப் பயன்பட்டது.

விழுங்கும் ஃபென்டனிலின் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் சிதைத்துவிடுகின்றன. ஆனால் இது கொழுப்பில் எளிதாகக் கரைவதால், வாயின் மெல்லிய சவ்வைக் கடந்து நேரே குருதியில் கலக்கும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைப்பதும் இதே வழியைப் பயன்படுத்தித்தான்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக மயக்கவியல் மருத்துவர் தியடோர் ஸ்டான்லியும் உடன் பணியாற்றியோரும் குச்சிமிட்டாய் வடிவில் இம்மருந்தை ஆராய்ந்தனர். அவ்வழியில் உருவான ஆக்டிக் 1998இல் அமெரிக்க அனுமதி பெற்றது. இதைக் கன்னத்தின் உட்புறம் தேய்த்துக் கரைக்க வேண்டும். இதிலிருந்த சர்க்கரை பற்சொத்தைக்குக் காரணமானது. சுவீடனின் ஒரெக்சோ நிறுவனம் உருவாக்கிய நாவடி மாத்திரையான ஆப்ஸ்ட்ரால், 2008இல் ஐரோப்பாவிலும் 2011இல் அமெரிக்காவிலும் அனுமதிக்கப்பட்டது. இதன் தொடக்க அளவு 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு.

தவறான விற்பனையும் கட்டுப்பாடும்

நாளொன்றுக்குக் குறைந்தது 60 மில்லிகிராம் மார்பினோ அதற்கு ஈடான மருந்தோ ஒரு வாரமாவது உட்கொண்டு பழகியவருக்கே இம்மருந்து தரப்படும். பழகாத உடலில் இது மூச்சை நிறுத்திவிடக்கூடும்.

2012இல் அமெரிக்க அனுமதி பெற்ற சப்சிஸ் என்னும் நாவடித் தெளிப்பானை விற்ற இன்சிஸ் நிறுவனம் இந்த வரம்பை மீறியது. சொற்பொழிவுக் கட்டணம் என்ற பெயரில் மருத்துவர்களுக்குக் கையூட்டு கொடுத்தது. புற்றுநோய் இல்லாதவர்களுக்கும் அது எழுதித் தரப்பட்டது. நிறுவனர் ஜான் கபூர் 2019இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2020இல் ஐந்தரை ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

அமெரிக்காவில் 2012 முதல், இவ்வகை மருந்துகளை எழுதும் மருத்துவரும் வழங்கும் மருந்தகமும் வெளிநோயாளியும் தனித் திட்டத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. தெருக்களில் விற்கப்பட்டு உயிர்களைப் பறிக்கும் ஃபென்டனில் பெரும்பாலும் கள்ளத்தனமாகத் தயாரிக்கப்படுவது. மருந்தகத்தில் அளந்து தரப்படுவதல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கருதினால், மீறியெழும் வலியால் துடிக்கும் நோயாளிக்கு உரிய மருந்தும் மறுக்கப்படக்கூடும்.