இழப்பு முதலீட்டை விற்றலும் வைத்திருத்தலும்

இழப்பு முதலீட்டை விற்றல் அல்லது வைத்திருத்தல் என்பது, செய்த செலவுக்கும் கீழாக மதிப்பு இறங்கிவிட்ட ஒரு பொருளை இன்றைய விலைக்கு விற்பதா, விலை ஏறும் என்று காத்திருப்பதா என எடுக்கப்படும் முடிவைக் குறிக்கும். பொருளியலில் இது பெரும்பாலும் நிறுவனப் பங்குகளை வைத்தே விளக்கப்படுகிறது. விலை வீழ்ந்த பருவத்தில் விளைச்சலைக் கையில் வைத்திருக்கும் உழவரும் இதே கணக்கையே போட வேண்டியுள்ளது. தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சிப் பகுதியிலும் கல்வராயன் மலையிலும் பயிராகும் மரவள்ளி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். பங்கில் கண்ணுக்குப் புலப்படாத காத்திருப்புச் செலவு இப்பயிரில் வெளிப்படையாகத் தெரிகிறது.

மீளாச் செலவு

ஏற்கனவே செலவாகி, எந்த முடிவை எடுத்தாலும் திரும்பி வராத பணம் மீளாச் செலவு எனப்படும். விற்பதா வைத்திருப்பதா என்ற கேள்வியில் இதற்கு இடமில்லை. இன்று விற்றால் வருவது எவ்வளவு, பின்னர் விற்றால் வரக்கூடியது எவ்வளவு, அதுவரை காத்திருக்க ஆகும் செலவு எவ்வளவு என்ற மூன்றே கணக்கில் வரும். இதை வேறு விதமாகவும் கேட்டுப் பார்க்கலாம்: விற்று வரும் பணம் இப்போதே கையில் இருந்தால், அதே பொருளை இன்றைய விலைக்கு வாங்குவோமா? வாங்க மாட்டோம் எனில், அதனை வைத்திருப்பதற்கும் வலுவான காரணம் இல்லை. விற்பனைச் செலவும் வரியும் மட்டும் இந்தச் சோதனையைச் சற்று மாற்றக்கூடும்.

கல்வராயன் மலை மரவள்ளி

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். மலையாளி என்னும் பழங்குடியினர் இங்கு பெருமளவில் வாழ்கின்றனர். மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்திலும், மற்றொரு பகுதி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அமைந்துள்ளது. குச்சிக்கிழங்கு என்றும் அழைக்கப்படும் மரவள்ளி, மலையில் மானாவாரியாகப் பயிரிடப்பட்டு, சேலம், ஆத்தூர்ப் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. ஆலைகள் கிழங்கின் மாவுச்சத்தை அளந்து, புள்ளிக் கணக்கில் விலை தருகின்றன.

தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும். ஆனால் தோண்டாத கிழங்கு முற்றிய பின்னும் சில மாதங்கள் மண்ணில் தாங்கும். எனவே விலை வீழ்ந்தால் உழவருக்கு மண்ணே கிடங்காகிறது. இந்தக் கிடங்குக்கும் வாடகை உண்டு. மழை பெய்து செடி மீண்டும் துளிர்த்தால் கிழங்கின் மாவுச்சத்து குறையும். நாள் செல்லச் செல்ல நார் ஏறும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். நிலமும் அடுத்த பயிருக்குக் கிடைக்காது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். உழவர் ஒருவர் 50,000 ரூபாய் செலவிட்டு 10 டன் கிழங்கு விளைவித்துள்ளார். ஆலை விலை டன்னுக்கு 5,000 ரூபாய். தோண்டும் கூலியும் வண்டி வாடகையும் டன்னுக்கு 1,500 ரூபாய். இன்று விற்றால் 35,000 ரூபாய் கையில் நிற்கும். அதாவது 15,000 ரூபாய் இழப்பு. இரண்டு மாதம் கழித்து விலை 6,500 ஆகவோ 4,500 ஆகவோ இருக்க, சமமான வாய்ப்பு உள்ளது எனக் கொள்வோம். மாவுச்சத்துக் குறைவால் அந்த விலையில் பத்தில் ஒரு பங்கு போனால், செலவு நீங்கலாக 43,500 அல்லது 25,500 ரூபாய் கிடைக்கும், சராசரி 34,500. கடனுக்கு மாதம் 2 விழுக்காடு வட்டி எனில், இன்று வரக்கூடிய 35,000 ரூபாயைக் கொண்டு கடனை அடைக்காமல் விட்டதற்கு மேலும் 1,400 ரூபாய் கழியும். மிஞ்சுவது 33,100 ரூபாய். விலை சராசரியாக 10 விழுக்காடு ஏறும் என்று நம்பினாலும் இன்றே விற்பது மேல். மாவுச்சத்து குறையாது என்றால் கணக்கு தலைகீழாகும்: சராசரி 40,000, வட்டி போக 38,600. அப்போது காத்திருப்பதே சரி.

இரண்டு விடைகளிலும் 50,000 ரூபாய் எங்கும் நுழையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூலியும் வாடகையும் நுழைந்தன, ஏனெனில் அவை இன்னும் செலவாகவில்லை. ஆலை விலை 1,500 ரூபாய்க்கும் கீழே போனால் தோண்டுவதே புதிய இழப்பாகிவிடும்.

இந்தத் தேர்வு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. தரகரிடம் முன்பணம் பெற்றவர் அவர் சொல்லும் நாளில் தோண்ட வேண்டியிருக்கும். ஆலை உரிமையாளரின் நிலை வேறு. ஜவ்வரிசி உலர்ந்த பொருளாதலால் மாதக்கணக்கில் கெடாது. சேலத்தில் 1981-இல் பதிவு செய்யப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம், உறுப்பினர் ஆலைகளின் சரக்கைக் கிடங்கில் வைத்து, அதன் பேரில் முன்பணமும் தருகிறது. ஒரே கிழங்குதான் என்றாலும் காத்திருக்கும் வசதி ஆலைக்கு வந்த பிறகே மலிவாகிறது. அதே மாவட்டத்தில் விளையும் கரும்புக்கு இச்சிக்கல் குறைவு. அடிப்படை விலையை மத்திய அரசு அறிவிக்கிறது. வெட்டும் நாளை மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகள் போன்றவை தரும் வெட்டு உத்தரவு முடிவு செய்கிறது.

விற்கத் தயங்கும் போக்கு

டேனியல் கானமன், ஏமொஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979-இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, மனிதர்கள் இலாபத்தையும் இழப்பையும் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து அளக்கின்றனர். இழப்பின் வலி, அதே அளவு இலாபத்தின் மகிழ்ச்சியை விடப் பெரிது. வாங்கிய விலையே பெரும்பாலும் அத்தொடக்கப் புள்ளியாகிறது. "முதலாவது திரும்பட்டும்" என்ற பேச்சு இதன் வெளிப்பாடே. ஹெர்ஷ் ஷெஃப்ரினும் மெயர் ஸ்டாட்மனும் 1985-இல் இதனைப் பங்குச்சந்தைக்குப் பொருத்திக் காட்டினர். இலாபத்தில் உள்ள பங்கை விரைந்து விற்பதும், இழப்பில் உள்ளதை நீண்ட காலம் வைத்திருப்பதும் ஒரே மனப்போக்கின் இரு பக்கங்கள் என்பது அவர்கள் கருத்து.

டெரன்ஸ் ஓடியன் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை ஆராய்ந்தார். முதலீட்டாளர்கள் விற்றுவிட்ட இலாபப் பங்குகள், விற்காமல் வைத்திருந்த இழப்புப் பங்குகளை விட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக ஈட்டின. வரிச் சலுகைக்காக டிசம்பர் மாதத்தில் மட்டும் இப்போக்கு தலைகீழானது.

இந்தியப் பங்குகள்

இறுதியில் கிடைத்த விலையை வைத்து முடிவின் தரத்தை அளப்பது பிழையாகும். சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி ஜனவரி 7, 2009 அன்று வெளியானதும் பங்கு விலை சுமார் 179 ரூபாயிலிருந்து 40 ரூபாயாகச் சரிந்தது. இரு நாட்களில் ஒரு கட்டத்தில் 7 ரூபாய்க்கும் கீழே சென்றது. ஏப்ரலில் டெக் மகிந்திரா பங்குக்கு 58 ரூபாய் தந்து பெரும்பகுதியை வாங்க முன்வந்தது. வைத்திருந்தவர்கள் 40 ரூபாய்க்கு விற்றவர்களை விட நன்மை அடைந்தனர். ஆனால் ஜனவரியில் நம்பத்தகுந்த கணக்கேடு எதுவும் இல்லாத நிலையில், அதைக் கணிப்பு என்பதை விட நல்வாய்ப்பு எனலாம். திவாலான டி.எச்.எஃப்.எல். வீட்டுக்கடன் நிறுவனத்தின் பங்குகளை வைத்திருந்தவர்களுக்கு 2021-இல் எதுவும் கிடைக்கவில்லை. பங்குகள் மதிப்பின்றிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

விற்று உறுதியான இழப்புக்கு வரிச் சட்டத்தில் ஒரு பயன் உண்டு. இந்தியாவில் குறுகிய கால மூலதன இழப்பை இருவகை மூலதன ஆதாயங்களிலும், நீண்ட கால இழப்பை நீண்ட கால ஆதாயத்தில் மட்டும் கழித்துக்கொள்ளலாம். உரிய நாளுக்குள் வருமான விவரம் தாக்கல் செய்தால், மீதியை அடுத்த 8 ஆண்டுகளுக்குக் கொண்டு செல்லலாம். வேளாண் வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால், மரவள்ளியில் கண்ட இழப்புக்கு இந்தக் கழிவும் இல்லை.