சுண்ணப்பாட்டும் சிம்பொனியும்: இளையராஜாவின் திருவாசகம்

இளையராஜாவின் திருவாசக இசைவட்டு 2005 நடுப்பகுதியில் வெளிவந்தது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்த இந்தப் படைப்பைச் சென்னையில் இருந்து 'தமிழ் மையம்' வெளிக்கொணர்ந்தது. அதை முன்னின்று நடத்திய அருட்தந்தை ஜெகத் கஸ்பார், 1990களில் மணிலாவில் இருந்து ஒலித்த வெரித்தாஸ் தமிழ் வானொலியின் பொறுப்பில் இருந்தவர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இந்த அறிமுகம் போதும்.

பெயரில் சிம்பொனி என்று இருந்தாலும், இதன் வடிவம் ஒரட்டோரியோ என்பதற்கே நெருக்கமானது. வேடமோ நடிப்போ இன்றி, சமயப் பாடல் ஒன்றைத் தனிக்குரலும் கூட்டுக்குரலும் பெரிய இசைக்குழுவும் சேர்ந்து தருகிற ஐரோப்பிய வடிவம் அது. இதில் ஆறு பகுதிகள். சிவபுராணத்தில் இருந்து எடுத்த பகுதிதான் மிக நீளம். ஏறத்தாழ 20 நிமிடம். அதில் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளும் தமிழோடு கலந்து வருகின்றன. அந்த ஆங்கிலம் சிலருக்கு உறுத்தலாம். ஆனால் மாணிக்கவாசகரின் தன்னிரக்கத்தை வேற்றுமொழிக் காதுக்குக் கொண்டுபோக அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

நம்மவருக்குச் சிக்கல் தருவது திருப்பொற்சுண்ணம். இறைவன் நீராடப் பொன்னிறப் பொடி இடிக்கும் பெண்கள் பாடுவதாக அமைந்த 20 பாடல்கள் அவை. இளையராஜா அதைக் கொண்டாட்டமாகவே எடுத்திருக்கிறார். பாடலின் பொருளுக்கு அதுதான் சரி. ஆனால் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் சைவர்களுக்கு இது செத்தவீட்டுப் பாட்டு. முற்றத்தில் உரலை வைத்து, உலக்கை பிடித்து, சுண்ணம் இடிக்கும்போது பாடுவது. முதல் அடியைக் கேட்டதுமே மனம் பறைச்சத்தத்தையும் பாடையையும் தேடும்.

சுண்ணம் இடிக்க உடல் வேண்டும். கடலில் போனவர்களுக்கும், கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களுக்கும் அது கிடைக்கவில்லை. அந்த வீடுகளில் பாடப்படாமல் போன பாட்டு, இங்கே வயலின்களோடு துள்ளி வருகிறது. சிலருக்கு அது ஆறுதல். சிலர் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். இரண்டும் நியாயமே.

ஈழத்தில் அதிகம் பாடப்படும் திருவெம்பாவை இந்த ஆறில் இல்லை. 2004 டிசெம்பர் 26 மார்கழிப் பௌர்ணமி, திருவெம்பாவைக் காலம். அன்று காலைதான் நிலாவெளி, கிண்ணியா, மூதூர்க் கரைகளில் கடல் ஏறியது. இசைவட்டு வெளியானபோது அதற்கு ஆறு மாதம்கூட நிறைவாகியிருந்ததோ இல்லையோ.

கடைசிப் பகுதி அச்சப்பத்து. இடிக்கும், தீக்கும், புலால் நாறும் வேலுக்கும் அஞ்சேன் என்று அடுக்கிச் செல்லும் பதிகம் அது. அஞ்சாதவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி வந்து, இறைவனிடம் ஈடுபாடு இல்லாதவரைக் கண்டால் மட்டுமே நடுங்குவதாகப் பாட்டுகளை முடிக்கிறார் மாணிக்கவாசகர்.