வாட்டர்ஸ் இல்லாத பிங்க் ஃப்ளாய்ட்: ஹாஸ்டலில் முடியாத ஒரு வழக்கு

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் பழைய கட்டடம் பற்றியோ நம் மெஸ் சாம்பார் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். எனக்கோ ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. 1988-ல் ஹாஸ்டல் இரண்டாம் மாடியில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று இந்நேரம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகவும், இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்காகவும் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

இன்றைக்குக் கைபேசியைத் தட்டினால் எந்தப் பாட்டும் வந்து நிற்கிறது. அன்றைக்கு ஒரு இங்கிலீஷ் ஆல்பம் கைக்கு வருவதற்கு ஒரு மாமாவோ அண்ணனோ வெளிநாட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டவுனில் ரெக்கார்டிங் சென்டருக்குப் போய், வெற்று கேசட் வாங்கிக் கொடுத்து, நாலு நாள் அலைய வேண்டும். எங்கள் பிளாக்கில் பிங்க் ஃப்ளாய்ட் என்றால் ஒரு மதம் மாதிரி. ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ கேசட் தேய்ந்து தேய்ந்து, ஒரு பக்கத்தில் மறுபக்கம் லேசாகக் கேட்க ஆரம்பித்திருந்தது. 1988 தொடக்கத்தில் என் அறைத்தோழனுடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தார். ‘எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்’. 1987 செப்டம்பரில் வெளிவந்தது. ரோஜர் வாட்டர்ஸ் இல்லாமல் வந்த முதல் ஃப்ளாய்ட் ஆல்பம்.

அன்று ராத்திரியே பிளாக் இரண்டாகப் பிரிந்தது. “வாட்டர்ஸ் இல்லாட்டா அது ஃப்ளாய்டே இல்லடா” என்று ஒரு கட்சி. “பேரு அதேதான், கிட்டார் அதேதான், உனக்கு என்னடா கஷ்டம்?” என்று இன்னொரு கட்சி. முதல் கட்சிக்கு நான் தலைவன். இரண்டாவது கட்சிக்கு என் அறைத்தோழன். ஒரே அறையில் இரண்டு கட்சி ஆபீஸ்!

சண்டையின் நியாயம் புரிய வேண்டுமானால் சரித்திரம் கொஞ்சம் தெரிய வேண்டும். ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூன்று பேரும் 1960-களின் தொடக்கத்தில் லண்டன் ரீஜென்ட் தெரு பாலிடெக்னிக்கில் ஆர்க்கிடெக்சர் படித்தவர்கள். ஆக, பிங்க் ஃப்ளாய்டும் ஒரு காலேஜ் கோஷ்டியாகத்தான் தொடங்கியது. கேம்பிரிட்ஜிலிருந்து சிட் பாரெட் வந்து சேர்ந்தான். இரண்டு பழைய புளூஸ் பாடகர்களின் பெயரிலிருந்து ஆளுக்குப் பாதி எடுத்துக் குழுவுக்குப் பெயர் வைத்தவன் அவன்தான். 1967-ல் வந்த முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகள் அவனுடையவை. ஆனால் போதைப்பழக்கமும் மனநலக் கோளாறும் சேர்ந்து அவனை மேடையில் நிற்க முடியாதபடி ஆக்கின. 1968 தொடக்கத்தில் அவனுடைய ஊர் நண்பன் டேவிட் கில்மோரைச் சேர்த்துக்கொண்டார்கள். சில மாதத்தில் பாரெட் வெளியே போனான். குழுவின் மேனேஜர்களான பீட்டர் ஜென்னரும் ஆண்ட்ரூ கிங்கும் என்ன செய்தார்கள் தெரியுமா? சரக்கு இருப்பது பாரெட்டிடம்தான், மிச்சம் பேர் தேறமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, குழுவை விட்டுவிட்டுப் பாரெட்டோடு போய்விட்டார்கள்.

அந்தத் தேறாத நாலு பேர்தான் 1973-ல் ‘டார்க் சைட்’ போட்டார்கள். அமெரிக்காவில் பில்போர்டு பட்டியலில் 1988 வரைக்கும் 741 வாரம் இருந்த ஆல்பம் அது. அடுத்து 1975-ல் ‘விஷ் யூ வேர் ஹியர்’, 1977-ல் ‘அனிமல்ஸ்’, 1979-ல் ‘தி வால்’. போகப் போக எல்லாம் வாட்டர்ஸ் கைக்குப் போனது. எழுத்து அவருடையது, கதை அவருடையது, கோபமும் அவருடையது. ‘தி வால்’ ரெக்கார்டிங்கின்போது ரைட்டை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். பிறகு அதே ஆல்பத்தின் மேடை நிகழ்ச்சிகளுக்கு அவரைச் சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். நிகழ்ச்சிகள் நஷ்டத்தில் போக, பங்காளிகள் மூன்று பேரும் கையைக் கடித்துக்கொண்டார்கள். சம்பளக்காரரான ரைட் ஒருவர்தான் லாபத்தோடு வீட்டுக்குப் போனார்! ஆண்டவன் கணக்கு என்று எங்கள் பிளாக்கில் ரொம்ப நாள் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

1983-ல் ‘தி ஃபைனல் கட்’. இரண்டாம் உலகப்போரில் 1944-ல் இத்தாலியின் ஆன்சியோவில் இறந்துபோன தன் அப்பாவை நினைத்து வாட்டர்ஸ் செய்தது. அட்டையிலேயே வாட்டர்ஸ் எழுதியது, நிகழ்த்தியது பிங்க் ஃப்ளாய்ட் என்கிற தோரணையில் போட்டிருந்தது. ரைட் அதில் கிடையாது. 1985 கடைசியில் வாட்டர்ஸ் விலகினார். மற்றவர்கள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தொடரப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1986-ல் லண்டன் ஐகோர்ட்டுக்குப் போனார். குழு செத்துப்போனது, பெயரையும் புதைத்துவிட வேண்டும் என்பது அவர் வாதம். கில்மோரும் மேசனும் கேட்கவில்லை. ஆல்பம் போட்டார்கள். வாட்டர்ஸ் அதை ஒரு கெட்டிக்காரத்தனமான போலி என்கிற மாதிரி பேட்டி கொடுத்தார்.

அந்த ‘போலி’ என்கிற ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பிளாக்கில் அப்போது ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடந்து வந்தது. அதில் “போலி ஃப்ளாய்ட்” என்று நாலு பக்கம் எழுதினேன். நல்ல வரவேற்பு. மெஸ்ஸில் சீனியர்கள் தோளில் தட்டினார்கள். எல்லாம் சரி, இப்போது ஒரு உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கட்டுரையை எழுதும்போது நான் கேசட்டின் முதல் பக்கத்தை மட்டும்தான் கேட்டிருந்தேன். அதுவும் ஒரே தடவை, மனசில் தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு. இரண்டாம் பக்கத்துப் பாட்டுகளைப் பற்றி நான் எழுதியதெல்லாம் அட்டையிலிருந்த தலைப்புகளைப் பார்த்து எழுதியது. இது ஒரே ஒருவனுக்குத் தெரியும். அறைத்தோழனுக்குத் தெரியாமல் எதைக் கேட்க முடியும், எதைக் கேட்காமல் இருக்க முடியும்? அவன் யாரிடமும் சொல்லவில்லை. கட்டுரையைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

“மாப்ளே, 1968-ல நீ லண்டன்ல இருந்திருந்தா, பாரெட் போனதும் ஃப்ளாய்ட் செத்துப்போச்சுன்னு எழுதியிருப்பே, இல்ல?”

என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது மனுஷன் செய்வதைத்தான் நானும் செய்தேன். கத்தினேன். இருபது நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கேசட் என் டிராயரிலேயே தங்கிவிட்டது. அவன் கேட்கவில்லை, நான் கொடுக்கவும் இல்லை. இன்னொரு வேடிக்கை, வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அசல் வழக்கில் 1987 டிசம்பரிலேயே சமாதானம் ஆகிவிட்டது. தேம்ஸ் நதியில் கில்மோருடைய படகுவீட்டில் உட்கார்ந்து இரண்டு தரப்பும் முடித்துக்கொண்டார்கள். வாட்டர்ஸுக்கு ‘தி வால்’, மற்றவர்களுக்குப் பெயர். அங்கே வழக்கு தீர்ந்த பிறகுதான் இங்கே நாங்கள் வாய்தா வாங்க ஆரம்பித்திருக்கிறோம்!

அந்தப் பங்கீட்டில் பன்றி கதையும் உண்டு. ‘அனிமல்ஸ்’ காலத்திலிருந்து மேடைக்கு மேலே பறந்த பலூன் பன்றி வாட்டர்ஸின் யோசனை. உரிமைப் பிரச்சினை வராமல் இருக்க, கில்மோர் தரப்பு தங்கள் பன்றியை ஆண் பன்றியாக மாற்றிப் பறக்கவிட்டது. எப்படி மாற்றினார்கள் என்பதை நேரில் கேட்டால் சொல்கிறேன், மலரில் வேண்டாம்.

சரி, ஆல்பம் எப்படி? இப்போது பொறுமையாக எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். என் பழைய கட்சியின் வாதத்தில் பாதி இன்னும் நிற்கிறது. ‘மொமென்டரி லாப்ஸ்’ ஒரு குழு சேர்ந்து வாசித்தது போல இல்லை. மேசன் இருந்தும் டிரம்ஸில் பாதிக்கு மேல் வெளியாட்களும் இயந்திரமும். ரைட் பாதியில்தான் வந்து சேர்ந்தார், அதுவும் முழு அங்கத்தினராக இல்லை. பாட்டு வரிகள் மேகம் மாதிரி மிதக்கின்றன, ஆணி அடித்த மாதிரி ஒரு வரியும் இல்லை. ஆனால் கடைசிப் பாட்டு ‘சாரோ’வில் கில்மோர் கிட்டாரைத் தொடங்கும் இடம் இருக்கிறதே, அதைக் கேட்டவன் போலி என்று எழுதமாட்டான். அது இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

1994-ல் ‘தி டிவிஷன் பெல்’ வந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம். பிரிட்டிஷ் பார்லிமெண்டில் ஓட்டெடுப்புக்கு அடிக்கிற மணியின் பெயர் அது. தலைப்பை எடுத்துக்கொடுத்தவர் எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ். இந்தத் தடவை கில்மோர், மேசன், ரைட் மூன்று பேரும் உட்கார்ந்து வாசித்து வாசித்துப் பாட்டுகளை உருவாக்கினார்கள். எந்தப் பாட்டு வேண்டும் என்று ஆளாளுக்கு மார்க் போட்டார்களாம். ரைட் தன் பாட்டுகளுக்கெல்லாம் முழு மார்க், மற்றவர்களுடையதற்கு முட்டை! இன்டர்னல் மார்க் போடும் சில ஆசிரியர்கள் ஞாபகம் வருகிறதா? ரைட்டுக்கு 1973-க்கு அப்புறம் ஃப்ளாய்ட் ஆல்பத்தில் முதன்மையாகப் பாட ஒரு பாட்டு அதில்தான் கிடைத்தது. ஸ்டீபன் ஹாக்கிங்கின் கணினிக் குரலும் ஒரு பாட்டில் வருகிறது. வரிகளில் கில்மோரோடு சேர்ந்து எழுதியவர், பிறகு அவர் மனைவியான பாலி சாம்சன். வாட்டர்ஸ் இதையும் குப்பை என்றார். என் கட்சிக்காரர்கள் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. கடைசிப் பாட்டு ‘ஹை ஹோப்ஸ்’, சொந்த ஊர் கேம்பிரிட்ஜைத் திரும்பிப் பார்க்கும் பாட்டு. அதைக் கேட்டபோது நான் வேலை கிடைத்து வடக்கே ஒரு ஊரில் தனியாக இருந்தேன். பாட்டு முடிந்ததும் அறைத்தோழனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, ரெண்டு வரியில் நிறுத்திவிட்டேன்.

ரசிகர்கள் இதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் எல்லாவற்றையும் ‘டார்க் சைட்’ பக்கத்தில் நிறுத்தி உயரம் அளக்கிறார்கள். அப்படி அளந்தால் ‘ஃபைனல் கட்’டும்தான் குள்ளம். அதில் கோபம் இருக்கிறது, அழுகை இருக்கிறது, ரைட்டின் கீபோர்டு இல்லாததால் மூச்சுவிட இடம் இல்லை. 1987-ல் வாட்டர்ஸ் தனியாகப் போட்ட ‘ரேடியோ கே.ஏ.ஓ.எஸ்.’ இன்னும் மோசம். எங்கள் கட்சி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பாகப்பிரிவினையில் சொல் ஒரு வீட்டுக்கும் நாதம் இன்னொரு வீட்டுக்கும் போய்விட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. வாட்டர்ஸிடம் சொல்ல விஷயம் இருந்தது, சுற்றி ஆள் இல்லை. கில்மோரிடம் எல்லாம் இருந்தது, சொல்ல அவ்வளவு இல்லை.

2005 ஜூலை 2-ஆம் தேதி லண்டன் ஹைட் பார்க்கில், லைவ் 8 நிகழ்ச்சியில் நாலு பேரும் ஒரே மேடையில் நின்றார்கள். டி.வி. முன்னால் எனக்குக் கண் கலங்கியது, என் மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. மறு வருஷம் பாரெட் போனான். 2008-ல் ரைட் போனார். 2013-ல் பி.பி.சி. பேட்டியில் வாட்டர்ஸ், அந்த வழக்குப் போட்டது தன் தப்புதான் என்று வெளிப்படையாகச் சொன்னார். தலைவரே ஒத்துக்கொண்ட பிறகு தொண்டன் எத்தனை நாள் வீம்பு பிடிப்பது? 2014-ல், 1993-94-ல் வாசித்து மிச்சமிருந்ததை எடுத்து ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ என்று ரைட்டின் நினைவாகப் போட்டார்கள். அதில் புதிதாகத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ரைட்டின் கைவிரலைத் தேடினால் கிடைக்கும்.

2019-ல் நடந்ததுதான் என்னை இதை எழுத வைத்தது. பிந்தைய கால ஆல்பங்களைப் பெட்டியாகப் போட்டபோது ‘மொமென்டரி லாப்ஸ்’ஸைப் புதிதாகக் கலந்தார்கள். மேடை ஒலிப்பதிவுகளிலிருந்து ரைட்டின் வாசிப்பை எடுத்துச் சேர்த்தார்கள். மேசன் உட்கார்ந்து டிரம்ஸை மறுபடி வாசித்தார். ஆக, அதில் ஒரு குழு இல்லை என்று நாங்கள் சொன்னது வீண் பழி இல்லை, அவர்களே திருத்தியிருக்கிறார்கள். அந்தக் குழு எங்கேயும் போய்விடவில்லை என்று என் அறைத்தோழன் சொன்னதும் சரிதான், திருத்த ஆள் இருந்ததே! இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

டேய், கேசட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அட்டை மடிந்திருக்கிறது, நாடா நன்றாக இருக்கிறது. நம் சந்திப்புக்கு எடுத்து வருகிறேன். ஓடுகிற டேப் ரெக்கார்டர் வைத்திருப்பவர்கள் யாராவது தயவுசெய்து கொண்டு வாருங்கள். முதலில் இரண்டாம் பக்கத்தைப் போடுவோம்.