ஒளி எங்கே கப்பலானது? ஜப்பான் சரக்கு விமானம் 1628 குறித்த ஒரு சாட்சிய ஆய்வு

1986 நவம்பர் 17 அன்று மாலை, ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று பிரெஞ்சு ஒயினை ஏற்றிக்கொண்டு அலாஸ்காவின் வடகிழக்கு வான்வெளிக்குள் நுழைந்தது. பாரிஸில் புறப்பட்டு, ஐஸ்லாந்து வழியாக வந்து, ஆங்கரேஜில் இறங்கிப் பிறகு டோக்கியோ செல்ல வேண்டிய விமானம் அது. உயரம் 35,000 அடி. மாலை 5.10 மணியை ஒட்டி, இடப்பக்கம் சற்றுக் கீழே சில ஒளிகளைத் தலைமை விமானி கென்ஜு தெராவுச்சி கண்டார். சிறிது நேரத்தில் அவை விமானத்தின் முன்னால் வந்து நின்றன என்றும், அவற்றின் வெப்பத்தைத் தம் முகத்தில் உணர்ந்ததாகவும் பின்னர் கூறினார். அவை விலகிய பின் இடப்புறம் வெளிறிய ஒளி ஒன்று தெரிந்தது. ஃபேர்பேங்க்ஸ் நகரை நெருங்கியபோது, விமானந்தாங்கிக் கப்பலைப் போல் இரு மடங்கு பெரிதான ஒரு 'தாய்க்கலம்' தம்மைத் தொடர்வதைக் கண்டதாகவும் சொன்னார்.

இந்நிகழ்வைப் பற்றி எழுதியோரில் பெரும்பாலோர் ஒரே கேள்வியைச் சுற்றி வந்திருக்கிறார்கள்: பல்லாண்டு அனுபவமுள்ள, முன்பு போர் விமானமும் ஓட்டிய ஒருவர் சொல்வதை நம்பலாமா, கூடாதா? கேள்வியே தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். தெராவுச்சி பொய் சொன்னார் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அப்படி ஐயுறவும் நான் தயாரில்லை. ஆனால் சாட்சி நேர்மையானவர் என்பதாலேயே அவருடைய ஒவ்வொரு வாக்கியமும் ஒரே எடை பெற்றுவிடாது. 'ஒளி தெரிந்தது' என்பது கண்டதைச் சொல்வது. 'அது ஏழெட்டு மைல் தொலைவில் இருந்தது', 'எங்களைத் தொடர்ந்தது', 'மாபெரும் கலம்' என்பவை கண்டதிலிருந்து மனம் எட்டிய முடிவுகள். இரவு வானில் பக்கத்தில் ஒப்பிட ஒரு பொருளும் இல்லாதபோது, ஒளியின் தொலைவைக் கண் அளக்க முடியாது. தொலைவு தெரியாவிட்டால் பருமனும் தெரியாது, வேகமும் தெரியாது. இது விமானிக்கும் பொருந்தும், வீதியில் நிற்பவருக்கும் பொருந்தும்.

விமானிகள் இதற்கு விதிவிலக்கு என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பறக்கும் தட்டுகள் குறித்த அமெரிக்க விமானப்படையின் 'புளூ புக்' ஆய்வுக்கு நெடுங்காலம் ஆலோசகராக இருந்த வானியலர் ஆலன் ஹைனக், 1977-இல் வெளியிட்ட நூலில் அந்த ஆவணங்களைச் சாட்சிகளின் தொழில் வாரியாகப் பிரித்துப் பார்த்தார். தனியாகக் கண்ட பயணிகள் விமான ஓட்டிகளின் கூற்றுகளில் 89 சதவீதம் தவறான புரிதல்கள். ஒன்றுக்கு மேற்பட்டோர் கண்டபோதும் 79 சதவீதம். ஹைனக் பறக்கும் தட்டுகளை எள்ளி நகையாடியவர் அல்லர்; மேலும் ஆராயப்பட வேண்டும் என்று போராடியவர். அவர் கையிலிருந்தே இந்த எண்கள் வருவதால் அவற்றுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. விமானியின் பயிற்சி முழுவதும் மோதலைத் தவிர்ப்பதற்கானது. எதிரே ஓர் ஒளி தெரிந்தால், அதை இன்னொரு விமானம் என்று முதலில் கொண்டு, பிறகு சரிபார்ப்பதுதான் அவருக்கு உயிர் காக்கும் பழக்கம். வானியலர் ஒளியை ஒளியாகவே வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். விமானிக்கு அந்த அவகாசம் கிடையாது.

ஒளிகளுக்கிடையே உள்ள இருளை மனம் ஓர் உடலாக நிரப்பிவிடுவதும் பதிவான உண்மை. 1968 மார்ச் 3 அன்று, சோவியத்தின் சோண்ட்-4 ஏவுதலோடு தொடர்புடைய சிதைவுகள் வளிமண்டலத்தில் எரிந்தபடி அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றின் மேல் கடந்தன. பார்த்தவர்களில் சிலர் சுருட்டு வடிவக் கலத்தையும் வெளிச்சமிட்ட சதுரச் சாளரங்களையும் விவரித்தார்கள். அங்கே இருந்தவை தனித்தனி நெருப்புத் துண்டுகள் மட்டுமே. இதற்கு இருபது ஆண்டுகள் முன்பு, 1948 ஜூலை 24 அதிகாலையில், அலபாமாவில் மாண்ட்கோமரிக்கு அருகே இரு விமானிகள் இரண்டு வரிசைச் சாளரங்களும் வால்புறத்தில் தீப்பிழம்பும் கொண்ட கலமொன்று தங்களைக் கடந்ததாகக் கூறினர். அவ்விமானத்தில் விழித்திருந்த ஒரே பயணி கண்டது ஓர் ஒளிக்கீற்று மட்டும். விமானப்படை இறுதியில் அதை எரிகல் என்று வகைப்படுத்தியது.

இந்தப் பின்னணியோடு 1628-இன் விமானியறைக்குத் திரும்புவோம். உள்ளே மூவர் இருந்தனர். துணை விமானியும் ஒளிகளைக் கண்டார்; அவற்றை இரவில் எதிர்வரும் விமானங்களின் விளக்குகளோடு ஒப்பிட்டார். பொறியாளரும் ஒளிகளைக் கண்டார், ஆனால் அவை என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாபெரும் கலத்தின் வடிவம் தலைமை விமானி ஒருவரின் கூற்றில்தான் தெளிவாக இருக்கிறது. 'மூன்று விமானிகள் தாய்க்கலத்தைக் கண்டார்கள்' என்று பின்னாளில் பரவிய வாக்கியம், மூவரும் பொதுவாகக் கண்ட ஒளிகளின் நம்பகத்தன்மையை ஒருவர் மட்டும் கண்ட கலத்துக்கு மாற்றிவிடுகிறது. இந்த நிகழ்வைப் பற்றிய எழுத்துகளில் நான் காணும் மிகப் பெரிய பிழை இதுதான்.

அடுத்தது ரேடார். 'ரேடாரிலும் பதிவானது' என்று கேட்டதும் பலருடைய ஐயம் நின்றுவிடுகிறது. எந்த ரேடார், என்ன பதிவு என்று கேட்க வேண்டும். முதலாவது, விமானத்திலேயே இருந்த வானிலை ரேடார். அதன் திரையில் ஏழெட்டுக் கடல்மைல் தொலைவில் பச்சைநிறப் புள்ளி தெரிந்ததாக விமானி சொன்னார். அத்திரையில் பச்சை என்பது மெலிந்த எதிரொலி. வலுவானது சிவப்பாகத் தெரியும். விமானந்தாங்கியின் இரு மடங்கு பருமனுள்ள ஒன்று அவ்வளவு அருகிலிருந்து மெலிந்த எதிரொலி மட்டும் தருமா? மெல்லிய மேகமோ பனிப்படிகங்களோ அப்படித் தரலாம். தரைக்கட்டுப்பாட்டாளர் மேகங்களைப் பற்றி விசாரித்தபோது, கீழே மலைகளை ஒட்டி மெல்லிய மேகங்கள் இருப்பதாக விமானத்திலிருந்து பதில் வந்தது.

இரண்டாவது, தரை ரேடார். ஆங்கரேஜ் திரையில் 747-க்கு அருகே கூடுதலாக ஒரு குறி விட்டுவிட்டுத் தோன்றியது. பின்னர் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பதிவுகளை மறுபடி ஓட்டிப் பார்த்து, அது அதே விமானத்தின் பிளவுபட்ட பிம்பம் என்றது: விமானத்தின் உலோக உடலில் பட்டுத் திரும்பும் அலையும், விமானத்திலுள்ள கருவி தானாக அனுப்பும் பதிலும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாதபோது இரண்டு குறிகளாகத் தெரியும். இராணுவ ரேடார் மையமும் முதலில் ஏதோ தெரிவதாகச் சொல்லி, பிறகு அதை வெறும் இரைச்சல் என்று கைவிட்டது. 1987 மார்ச்சில் நிர்வாகம் அந்த நிகழ்வை உறுதிப்படுத்த முடியவில்லை என்று அறிவித்தது.

அன்றிரவு தற்செயலாக ஒரு நல்ல சோதனையும் நடந்தது. கட்டுப்பாட்டாளர் வேண்டியதன் பேரில் யுனைடெட் பயணிகள் விமானம் ஒன்றும் இராணுவ விமானம் ஒன்றும் அப்பக்கம் பார்த்தன. யுனைடெட் விமானிகளுக்கு ஜப்பான் விமானம் தெளிவாகத் தெரிந்தது. அதனருகே வேறு எதுவும் தெரியவில்லை. இராணுவ விமானமும் வேறு எதையும் காணவில்லை. தெராவுச்சி 360 பாகை வட்டமடித்துப் பார்த்தபோதும் பொருள் கூடவே இருந்தது என்றார். மிகத் தொலைவில் உள்ள ஒளி எதுவாயினும், வட்டம் முடிந்ததும் பழைய இடத்தில்தான் தெரியும். நாம் ஓடும்போது நிலவும் கூடவே ஓடிவருவதைக் குழந்தையாக இருந்தபோதே எல்லோரும் கண்டிருக்கிறோம்.

ஐயப்படுவோரையும் இதே அளவுகோலால் அளப்பதே நியாயம். அமெரிக்க இதழாளர் பிலிப் கிளாஸ் 1987 ஜனவரியிலேயே விடையை அறிவித்தார்: வியாழன், துணைக்குச் செவ்வாய். வியாழன் அன்று மிகப் பிரகாசமாக, விமானத்தின் இடப்புறம், அடிவானத்திலிருந்து சுமார் 10 பாகை உயரத்தில் இருந்தது உண்மை. பின்பகுதியில் நெடுநேரம் கூடவே வந்த வெளிறிய ஒளிக்கு இது பொருந்தக் கூடிய விளக்கம். ஆனால் அரசு ஆவணங்கள் முழுமையாக வெளிவருமுன் சொல்லப்பட்ட அந்த விடை, முன்னால் வந்து நின்று, இடம் மாறியதாக மூவரில் இருவரேனும் விவரித்த முதல் ஒளிகளைத் தொடவே இல்லை. கோள் விமானத்தின் முன்னால் பாய்ந்து வராது. கிளாஸ் பிற்பாடு, பனிப்படிகங்களில் பட்ட நிலவொளி என்று அப்பகுதிக்கு வேறு விளக்கம் தந்தார். முழுநிலவு முந்தைய நாள்தான் என்பதால் அது சாத்தியமே. சாத்தியம் என்பதற்கு மேல் எவரும் நிறுவவில்லை.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். செய்தி உலகெங்கும் பரவியது டிசம்பர் இறுதியில். விமானியறையினரின் விரிவான வாக்குமூலங்கள் எடுக்கப்பட்டது 1987 ஜனவரியில். அதே ஜனவரி 11 அன்று, அலாஸ்கா வான்வெளியிலேயே தெராவுச்சி மீண்டும் ஒளிகளைக் கண்டதாக அறிவித்தார். அவை பனிப்படிகங்களில் சிதறிய கிராமத்து விளக்குகள் என்று விளக்கப்பட்டன. இதைச் சுட்டுவது அவரை இகழ அல்ல. ஒருமுறை அப்படியொரு அனுபவம் பெற்ற கண், அடுத்த ஒளியை எந்த எதிர்பார்ப்போடு பார்க்கும் என்பதற்கு இது நேரடிச் சான்று.

எனவே இந்நிகழ்வை ஒரே கோப்பாக வைப்பதை நான் ஏற்கவில்லை. குறைந்தது மூன்று கோப்புகள் தேவை. தாய்க்கலம் என்ற கோப்பில் ஒருவரின் வடிவ விவரிப்பும், மெலிந்த பச்சைப் புள்ளியும், எதையும் காணாத இரு விமானங்களும் இருக்கின்றன, அதை மூடிவிடலாம். தரை ரேடார் கோப்புக்குப் போதுமான தொழில்நுட்ப விடை உண்டு. முன்னால் வந்த ஒளிகளின் முதல் சில நிமிடங்கள் என்ற கோப்பு திறந்தே இருக்கட்டும். அதன்மேல் 'தெரியாது' என்று எழுதலாம், 'கலம்' என்று எழுதலாகாது.