தண்ணீர் பட்டால் கெடும் மருந்து

எங்கள் வீட்டு மணிக்குக் கழுத்தில் சீழ்ப்புண் வந்தது. டாக்டர் அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த டிரை சிரப் எழுதிக் கொடுத்தார். பாட்டிலுக்குள் வெறும் பவுடர். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் விட வேண்டும். புண் ஆறியது. மீதி மருந்தை ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

ஒரு மாதம் கழித்துப் புண் திரும்பி வந்தது. டாக்டரைக் கேட்காமல் அதே பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். மூணு நாளாகியும் சீழ் வற்றவில்லை. மணி சாப்பாட்டையும் நிறுத்திவிட்டான். தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"கலந்து எத்தனை நாள் ஆச்சு?"

"எக்ஸ்பைரிக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கே சார்."

"அது பவுடருக்கு."

அதென்ன பவுடருக்கு ஒரு கணக்கு, தண்ணீருக்கு ஒரு கணக்கு? தேடிப் போனால் விஷயம் பெனிசிலினில் போய் நின்றது.

1928-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் அந்தப் பூஞ்சையைக் கண்ட கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பூஞ்சைச் சாற்றை எடுத்து வைத்தால் கொஞ்ச நாளிலேயே வீரியம் போய்விடும். அதனால் பத்து வருஷத்துக்கு மேல் அது மருந்தாகவே ஆகவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரி, எர்ன்ஸ்ட் செயின் குழுவினர்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். நார்மன் ஹீட்லி சாற்றைக் குளிரவைத்து, அமிலமாக்கி, பெனிசிலினை ஈதருக்கு மாற்றினார். அங்கிருந்து மறுபடி தண்ணீருக்குக் கொண்டுவந்தார். அதை உறையவைத்து ஈரத்தை எடுத்தபோது பழுப்பு நிறப் பவுடர் கிடைத்தது. அது கெடாமல் நின்றது. 1940 மே 25 அன்று 8 எலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தி, 4 எலிகளுக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். மறுநாள் காலை அந்த நாலு மட்டும்தான் உயிரோடு இருந்தன.

காரணம் மூலக்கூறுக்குள் இருக்கிறது. பெனிசிலின் குடும்பத்தின் வேலையெல்லாம் பீட்டா-லாக்டம் என்ற நாற்கோண வளையத்தில்தான். இழுத்துக் கட்டிய வில் மாதிரி இறுக்கமானது அது. தண்ணீர் மெல்ல மெல்ல அதைப் பிளந்துவிடும். பிளந்தபின் கிருமியைக் கொல்லாது. அமாக்ஸிசிலினிலும் அதே வளையம்தான்.

கிருமிகளும் அங்கேயே கை வைக்கின்றன. வளையத்தை உடைக்கும் நொதியைப் பற்றி ஆபிரகாமும் செயினும் 1940-லேயே எழுதிவிட்டார்கள். நாய்த்தோலில் புண் உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகள் பலவற்றிடம் இந்த வகை நொதி உண்டு. அதனால்தான் கூடவே கிளாவுலானிக் அமிலம். 1970-களில் பீச்சம் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு மண் நுண்ணுயிரிடமிருந்து எடுத்தது இது. நொதியைத் தன்மேல் இழுத்துக்கொண்டு அமாக்ஸிசிலினைக் காப்பாற்றும். ஆனால் இதற்கும் ஈரம் ஆகாது. கலந்த சிரப்பை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் 7 அல்லது 10 நாளில் கொட்டச் சொல்லி லேபிளில் போடுவது இதனால்தான். கம்பெனிக்காரன் இன்னொரு பாட்டில் விற்கப் பார்க்கிறான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வீரியம் போன மருந்து சும்மா இருப்பதில்லை. எளிய கிருமியைக் கொன்று, முரட்டுக் கிருமியை விட்டுவைக்கும். குறைந்த அளவு மருந்தின் இந்த ஆபத்தை ஃபிளெமிங்கே 1945 நோபல் உரையில் எச்சரித்திருந்தார்.

டாக்டர் சீழை டெஸ்டுக்கு அனுப்பி, புது மருந்து கொடுத்தார். மணி தேறிவிட்டான். இப்போதெல்லாம் பவுடரில் தண்ணீர் ஊற்றிய உடனே பாட்டில் மேல் மார்க்கரால் தேதி எழுதிவிடுகிறேன்.