தொடக்கப் பள்ளி ஆசிரியப் பணி: எந்தப் படிப்பு செல்லும்?

கயத்தாற்றுப் பக்கம் நாம் சந்திக்கும் பெற்றோர் சிலர், பி.எட். முடித்தால் எந்த வகுப்புக்கும் ஆசிரியராகலாம் என நம்பிக் கடன் வாங்குகின்றனர். முதல் ஐந்து வகுப்புகளுக்கு அது செல்லாது. பி.எட். பட்டதாரிகளை அங்கு அனுமதித்த தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கை செல்லாது என 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தீர்ப்பு சரியே, எழுத்தறிவித்தல் தனிப் பயிற்சி. அரசுத் தொடக்கப் பள்ளியை விட்டால் வேறு வழியற்ற சேரிக் குழந்தைக்கு அப்பயிற்சி பெற்றவரே வேண்டும். இழப்போ, தவறாக வழிகாட்டப்பட்ட முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஈராண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயமோ நான்காண்டுப் பட்டமோ தேவை. பின்னர் தகுதித் தேர்வின் முதல் தாள். மாவட்ட அரசுப் பயிற்சி நிறுவனம் வானரமுட்டியில் உள்ளது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் பட்டியலின மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.